ஓவியம் காட்டி மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸுக்கு ஆன்லைன்ல கவனிக்கக் கத்துக்கொடுக்க முடியுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க

வார்டு_ரவுண்ட்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெனரல் மெடிசின்ல டீச்சிங்ல இருக்கேன், மூணாவது வருஷப் பசங்களுக்கு க்ளினிக்கல் மெத்தட்ஸ் எடுக்கறேன், அதுல பாதி க்ளாஸ் இப்ப ஆன்லைன்லதான் போகுது. என் பிரச்சனை என்னன்னா பசங்க பார்க்கறதே இல்ல. படிக்கலைன்னு சொல்ல மாட்டேன், நல்லாவே படிக்கறாங்க, ஆனா கண்ணு முன்னாடி இருக்கறத விட்டுட்டு மனப்பாடமா இருக்கறத ஒப்பிக்கறாங்க. ஜெனரல் எக்ஸாமினேஷன் சொல்லுன்னா போதும், "பாலர் இல்ல, இக்டெரஸ் இல்ல, சயனோசிஸ் இல்ல, கிளப்பிங் இல்ல, லிம்ஃபடினோபதி இல்ல, எடிமா இல்ல"ன்னு ஒரே மூச்சுல வந்துடும். பாலர்னா வெளுப்பு, அதுக்குக் கீழ் இமையை இழுத்துப் பாத்தியாப்பான்னு கேட்டா முழிக்கறாங்க.

போன வாரம் நடந்தத சொல்றேன். ஒரு கையோட போட்டோ போட்டேன், பேஷன்ட் கிட்ட அனுமதி வாங்கி எடுத்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி இருக்கு. மூணு செகண்ட் கூட ஆகல, "ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்"னு சாட்ல ஒருத்தர் போட்டாச்சு, பின்னாடியே பத்து பேர் அதையே போட்டாங்க. நான் சரின்னும் சொல்லல தப்புன்னும் சொல்லல, வேற என்ன தெரியுதுன்னு மட்டும் கேட்டேன், ஒரு சத்தமும் இல்ல. அந்தக் கையில வீங்கி இருந்தது நகத்துக்குப் பக்கத்துல இருக்கற கடைசி மூட்டு, ருமட்டாய்டு பெரும்பாலும் அந்த மூட்டைத் தொடாது. ரெண்டு நகத்துல ஊசியால குத்தி எடுத்த மாதிரி சின்னச் சின்னக் குழி. சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், சோரியாசிஸ்ங்கற தோல் நோயோட வர்ற மூட்டு வீக்கம். குழி போட்டோல அவ்வளவு தெளிவா இருக்கு, நாப்பது பேர் பாத்தாங்க, ஒருத்தர் கூட சொல்லல, நான் சொன்னதுக்கப்பறம் "ஆமா மேம் தெரியுது"ன்னு எல்லாரும் சொல்றாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு அதே ஞாபகமா இருந்துச்சு, ஏன்னா அவங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல அது, எழுதச் சொன்னா நகக் குழியைப் பத்தி ஒரு பக்கம் எழுதுவாங்க.

இதுக்கு என்ன பண்ணலாம்னு தேடிட்டு இருந்தப்பதான் யேல் யுனிவர்சிட்டி விஷயம் கிடைச்சுது. அங்க இர்வின் பிரேவர்மன்னு ஒரு தோல் டாக்டர், பக்கத்துலயே இருக்கற பிரிட்டிஷ் ஆர்ட் மியூசியத்துல வேலை பாத்த லிண்டா ஃபிரீட்லேண்டர் கூட சேந்து, ஸ்டூடன்ட்ஸ மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரே ஓவியத்து முன்னாடி ரொம்ப நேரம் நிக்க வச்சு பாத்ததையெல்லாம் சொல்லச் சொல்லியிருக்காங்க, அதுக்கப்பறம் பேஷன்ட் போட்டோ காட்டினா நல்லா விவரிக்கறாங்கன்னு 2001ல ஜாமா ஜர்னல்ல எழுதியிருக்காங்க. படிச்சதும் இதைத்தான் செய்யணும்னு தோணிடுச்சு.

ஆனா அது மியூசியம், நேருக்கு நேரா. நம்ம கதை ஜூம், கேமரா ஆஃப், பாதிப் பேர் மொபைல்ல. ஸ்க்ரீன்ல இது எடுபடுமா, எந்த மாதிரிப் படம் எடுக்கறது, எவ்வளவு நேரம், ஓவியத்தைப் பத்தி ஆனா ஆவன்னா தெரியாத நான் இதை நடத்தலாமா? கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் "போர்ஷன் முடிக்கவே நேரம் இல்ல, இதுல படம் வேறயா"ங்கறார், அவருக்கும் ஒரு பதில் வேணும். அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விரிவாவே எழுதுங்க.


தூரிகை7 எழுதியது:

நான் டாக்டர் இல்ல, ஓவியம் கத்துக்கொடுக்கறவ, நாலஞ்சு வருஷமா ஒரு மெடிக்கல் காலேஜ் க்ரூப்புக்கு ஆன்லைன்ல இதைப் பண்ணிட்டு வர்றேன். உங்க கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில், ஓவியம் தெரியாதது உங்களுக்கு நல்லதுதான். தெரிஞ்சா வாய் சும்மா இருக்காது, வரைஞ்சவர் யாரு என்ன ஸ்டைல்னு ஆரம்பிச்சுடுவோம், பசங்க உடனே நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சு படத்துலேந்து கண்ணை எடுத்துடுவாங்க.

கேக்க வேண்டிய கேள்வி மூணே மூணு. இந்தப் படத்துல என்ன நடக்குது? எதைப் பாத்து அப்படிச் சொல்ற? இன்னும் என்ன தெரியுது? இது நான் கண்டுபிடிச்சது இல்ல, அபிகெயில் ஹவுசன்னு ஒரு சைக்காலஜிஸ்டும், நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல கல்விப் பிரிவைப் பாத்துட்டிருந்த ஃபிலிப் யெனவைனும் உருவாக்கின முறை, விஷுவல் திங்கிங் ஸ்ட்ராட்டஜீஸ்னு பேரு. இதுல உயிரே ரெண்டாவது கேள்விதான். "எதைப் பாத்து அப்படிச் சொல்ற"ன்னு கேட்டா அவங்க திரும்பப் படத்துக்குப் போயே ஆகணும், வேற வழி இல்ல. உங்க ருமட்டாய்டு பத்து பேர் கிட்டயும் அன்னைக்கு இதைக் கேட்டிருந்தா, எந்த மூட்டுன்னு விரல் வச்சுச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

ஒரு படம் எப்படிப் போகும்னு காட்டறேன். ஆண்ட்ரூ வைத்தோட கிறிஸ்டினாஸ் வேர்ல்ட், 1948ல வரைஞ்சது. காஞ்ச புல்வெளி, மேல தூரத்துல ஒரு வீடு, கீழ நமக்கு முதுகைக் காட்டிட்டு பிங்க் ட்ரெஸ்ல ஒரு பொண்ணு. முதல்ல என்ன வரும்னா "சின்னப் பொண்ணு புல்லுல ஜாலியா உக்காந்து வீட்டைப் பாக்குது". சரி, எதைப் பாத்து ஜாலின்னு சொல்ற? "சாஞ்சு உக்காந்திருக்கா". உடம்போட பாரம் எங்க இருக்கு? இங்கதான் ஒரு அமைதி வரும், அந்த அமைதியை நீங்க கெடுத்துடக் கூடாது. அப்பறம் ஒருத்தர், "பாரம் பூரா கையில இருக்கு மேம்". இன்னொருத்தர், "கை ரொம்ப ஒல்லி, முழங்கை எலும்பு துருத்திட்டு இருக்கு". "விரல் தரையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு". "கால் சும்மா பின்னாடி கிடக்கு, அதுல பாரமே இல்ல". இருபது நிமிஷத்துல ஜாலியா உக்காந்திருந்த பொண்ணு, தன்னை இழுத்துக்கிட்டு வீட்டுக்குப் போற பொண்ணா மாறிடுவா, நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். எல்லாம் முடிஞ்சதுக்கப்பறம்தான் சொல்லுவேன், அது அன்னா கிறிஸ்டினா ஓல்சன்னு ஓவியரோட பக்கத்து வீட்டம்மா, அப்ப அவங்களுக்கு 55 வயசு, நடக்க முடியாது, வீல்சேர் வேணாம்னுட்டு தவழ்ந்தே போவாங்க, உடம்புக்கு மாடலா உக்காந்தது ஓவியரோட மனைவி. நரம்பு டாக்டருங்க பின்னாடி அது கை கால் நரம்பைப் பாதிக்கற ஷார்கோ மாரி டூத்ங்கற பரம்பரை நோயா இருக்கலாம்னு பேசியிருக்காங்க. ஒரு எச்சரிக்கை, இந்தப் படத்துக்கு காப்பிரைட் இருக்கு, அதனால டவுன்லோட் பண்ணி ஏத்தாதீங்க, மியூசியம் பக்கத்தோட லிங்க் குடுங்க.

இப்ப ஸ்க்ரீன் விஷயம். ஸ்க்ரீன் ஷேர் பண்ணாதீங்க, பண்ணினா படம் மங்கிடும், அதோட நீங்க ஜூம் பண்ற இடத்தைத்தான் அவங்க பாப்பாங்க, அப்ப பாக்கறது நீங்க, அவங்க இல்ல. லிங்க்கை க்ளாஸ் நேரத்துல சாட்ல போடுங்க, முன்கூட்டி போட்டா கூகிள்ல தேடிட்டு வந்துடுவாங்க. ஆளாளுக்கு அவங்கவங்க ஸ்க்ரீன்ல பெருசாக்கிப் பாக்கட்டும். மியூசியத்துல கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கணும், இங்க மூக்கு முட்டப் பாக்கலாம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் ரெம்ப்ராண்டோட நைட் வாட்ச் ஓவியத்தை 2022ல 717 கிகாபிக்சல்ல போட்டிருக்காங்க, பெயின்ட்ல இருக்கற வெடிப்பு வரைக்கும் தெரியும். மெட் மியூசியம் 2017லேந்து பொதுச்சொத்தான படங்களை யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்து விட்டிருக்காங்க.

நேரம்னா, ஒரு படத்துக்கு இருபது நிமிஷம் குறைஞ்சபட்சம். முதல் மூணு நிமிஷம் மைக் மியூட், சாட் மூடி, டைமர் ஓடணும், யாரும் பேசக் கூடாது. முதல் நிமிஷம் முடியறப்பவே பாத்தாச்சுன்னு தோணும். மெட் மியூசியத்துல ஒரு ஓவியத்து முன்னாடி ஆளுங்க எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு 2001ல வந்த ஒரு ஆய்வுல அளந்தப்ப சராசரியா 27 செகண்ட்தான் வந்துச்சாம், அதனால ஒரு நிமிஷத்துல அலுக்கறது அவங்க தப்பு இல்ல. உண்மையிலேயே பாக்கறது ரெண்டாவது நிமிஷத்துக்கு அப்பறம்தான் ஆரம்பிக்கும்.


தோல்_டாக்டர் எழுதியது:

தூரிகை மேடம் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேணாம். டெர்மட்டாலஜி பக்கத்துலேந்து நான் ரெண்டு மூணு விஷயம் சேக்கறேன்.

பிரேவர்மன் ஓவியத்தை எடுத்ததுக்குக் காரணமே ஸ்டூடன்ட்ஸுக்கு அது புதுசுங்கறதுதான். தோல் போட்டோ காட்டினா எது முக்கியம் எது வேணாம்னு அவங்க மூளை முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கும், முழுசாப் பாக்க விடாது. முன்னப்பின்ன தெரியாத ஓவியத்துல எதை விடலாம்னு தெரியாது, அதனால எல்லாத்தையும் பாத்தாகணும். இதை மனசுல வச்சுக்கிட்டா படம் தேர்ந்தெடுக்கறது சுலபம், கதை இருக்கற மாதிரி, நாலஞ்சு ஆளுங்க இருக்கற மாதிரி, ஆனா பேர் போன படமா இல்லாம எடுங்க.

நோய் இருக்கற ஓவியம் எடுக்கலாமான்னு கேப்பீங்க. எடுக்கலாம், ஆனா நாலஞ்சு க்ளாஸுக்கு அப்பறம். முதல் நாளே எடுத்தா க்விஸ் ஆயிடும், டயக்னோசிஸ் சொன்னவன் ஜெயிச்சான். லூவர்ல கிர்லாண்டாயோ 1490 வாக்குல வரைஞ்ச ஒரு தாத்தா பேரன் படம் இருக்கு. தாத்தா மூக்கு பெருத்து முண்டு முண்டா இருக்கும், ரைனோஃபைமா. நான் ஆரம்பத்துல இதைத்தான் முதல் படமா வச்சேன், அது நான் பண்ணின தப்பு. அஞ்சு செகண்ட்ல பேரைச் சொல்லிட்டு அதோட பாக்கறதை நிறுத்திட்டாங்க. பேரன் கை தாத்தா நெஞ்சு மேல இருக்கே, அந்தப் பையன் முகத்துல பயம் இல்ல அருவருப்பு இல்ல, அண்ணாந்து அந்த முகத்தையே பாத்துட்டு இருக்கான், இதையெல்லாம் யாருமே சொல்லல. நாளைக்கு இதே மாதிரி மூக்கோட ஒருத்தர் ஓபிக்கு வந்தா அவர் கூட வந்திருக்கற ஆளையும் இவங்க பாக்க மாட்டாங்கன்னு அன்னைக்கு எனக்கு வருத்தமா இருந்துச்சு.

இன்னொரு படம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. வான் ஐக் 1436ல முடிச்சது, கேனன் வான் டெர் பாலேன்னு ஒரு பாதிரியார் கையில புத்தகமும் கண்ணாடியும் வச்சுக்கிட்டு முட்டி போட்டிருப்பார். அவர் முகத்தை மட்டும் பெருசாக்கச் சொல்லுங்க. நெத்திப்பொட்டுல ரத்தக்குழாய் புடைச்சு நெளிஞ்சு ஓடும், காதுக்கு முன்னாடி முடி போயிருக்கும். டெம்பொரல் ஆர்டரைட்டிஸா, அதாவது நெத்திப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம்னு டாக்டருங்க எழுதியிருக்காங்க, கிடக்கட்டும், அது இல்ல விஷயம். அந்த நோயை ஹட்சின்சன் விவரிச்சதே 1890லதான். அதுக்கு நானூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி, பேரே இல்லாத ஒண்ணை ஒரு ஓவியர் ஒரு நெளிவு விடாம வரைஞ்சு வச்சிருக்கார். பேர் தெரியாமலும் பாக்க முடியும். பசங்க கிட்ட இதைச் சொல்றப்ப எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

நிறத்துல மட்டும் ஜாக்கிரதை. மியூசியங்கள் போட்டிருக்கற படம் முக்கால்வாசி வெளுப்புத் தோல்தான், சிவப்புன்னா பளிச்சுன்னு சிவப்பா இருக்கும்னு கண்ணு பழகிடும். கருமையான தோல்ல எரித்திமா, அதாவது தோல் சிவக்கறது, அப்படி வராது, ஊதா கலந்த மாதிரி, சாம்பல் மாதிரி, சில சமயம் பக்கத்துல இருக்கற தோலை விடக் கொஞ்சம் கருப்பா, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால விதவிதமான நிறத்து முகங்கள் இருக்கற ஓவியமாத் தேடி எடுங்க, "சிவப்பு"ன்னு யாராவது சொன்னா எந்த மாதிரி சிவப்பு, சுத்தி இருக்கற இடத்தை விட எப்படி மாறுதுன்னு கேளுங்க. ஓவியத்துல இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகினவங்க தோல்லயும் கேப்பாங்க.


கருப்பு_வெள்ளை_படம் எழுதியது:

நான் ரேடியாலஜி. எல்லாரும் சேந்து ஆஹா ஓஹோங்கறப்ப குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், ஆனா சொல்லாம இருக்க முடியல.

2013ல வந்த ஒரு ஆய்வு, ட்ரூ, வோ, வுல்ஃப் மூணு பேர் பண்ணினது. 24 ரேடியாலஜிஸ்ட்ங்க கிட்ட நெஞ்சு சிடி குடுத்து நாட்யூல், அதாவது நுரையீரல்ல இருக்கற சின்னக் கட்டி, தேடச் சொல்லியிருக்காங்க, கடைசி சிடில ஒரு கொரில்லா படத்தைச் சொருகி வச்சிருக்காங்க, சராசரி நாட்யூலை விட 48 மடங்கு பெருசு. 20 பேருக்குத் தெரியல. கண்ணு எங்க போகுதுன்னு மெஷின் வச்சு அளந்ததுல அந்த 20 பேர்ல 12 பேரோட பார்வை நேரா கொரில்லா மேலயே போயிருக்கு. இவங்கல்லாம் வாழ்நாள் பூரா படம் பாக்கறதே தொழிலா வச்சிருக்கறவங்க, நான் செய்யற அதே வேலை. கண்ணுக்குப் பயிற்சி குடுத்தா சரியாயிடும்னு சுலபமா சொல்லிட முடியாதுங்கறதுக்காக இதைச் சொல்றேன். தேடறது ஒண்ணா இருந்தா இன்னொண்ணு கண்ணுல பட்டாலும் மனசுல ஏறாது.

ரெண்டாவது, ஓவியம் பாத்தா பேஷன்ட்டையும் நல்லாப் பாப்பாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்? பென்சில்வேனியா யுனிவர்சிட்டில பண்ணினதை எடுத்துக்கோங்க, 2018ல ஆப்தால்மாலஜி ஜர்னல்ல வந்தது, அது ஒழுங்கா குலுக்கிப் பிரிச்சுப் பண்ணின ஆய்வுதான், 36 முதல் வருஷ ஸ்டூடன்ட்ஸ், 18 பேருக்கு ஃபிலடெல்பியா மியூசியத்துல ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு க்ளாஸ். அவங்க விவரிக்கற திறமை கூடினது உண்மை. ஆனா 36 பேர், சோதிச்சதும் படத்தை வச்சுத்தான். ரெண்டு வருஷம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவல்ட்டில நிக்கறப்ப அந்தக் கண்ணு இருக்குமான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது.

அதுக்காக வேணாம்னு சொல்லல. ஓவியத்தைத் தனியா விட்டுடாதீங்க. அதே க்ளாஸ்ல, அதே மூணு கேள்வியோட, உடனே ஒரு பேஷன்ட் போட்டோவோ எக்ஸ்ரேயோ வைங்க. ஓவியத்துல பழகின பேச்சு ஆறறதுக்குள்ள நோயாளி பக்கம் திரும்பணும், நடுவுல ஒரு வாரம் விட்டா ரெண்டும் ரெண்டு பாடம் ஆயிடும். தோல் டாக்டர் சொன்ன மூக்கு விஷயத்துக்கு எங்க பக்கம் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப் செர்ச்னு பேரு, ஒண்ணு கிடைச்சா திருப்தியாகி நிறுத்திடறது. அதுக்கு நான் வச்சிருக்கற மருந்து, முதல் ஃபைண்டிங் கிடைச்ச உடனே கையைத் தூக்கி "இது இல்லைன்னு வச்சுக்கோ, மிச்சப் படத்துல என்ன இருக்கு"ன்னு வாய் விட்டுக் கேக்கறது. ஓவியத்துலயும் கேக்கலாம். கூடவே ஓரத்துலேந்து ஆரம்பிச்சு வரிசையாப் பாக்கற பழக்கத்தையும் சொல்லிக் குடுங்க, சும்மா பாருன்னா கண்ணு முகத்துக்குத்தான் போகும்.


வார்டு_ரவுண்ட்ஸ் எழுதியது:

டாக்டர், நீங்க குறுக்க பேசினதுக்கு ரொம்ப நன்றி, என் கூட வேலை பாக்கறவருக்கு உங்க பதிவை அப்படியே அனுப்பிட்டேன். ஓவியம், உடனே பேஷன்ட் போட்டோன்னு ஜோடியாத்தான் வைக்கப் போறேன். கேமரா ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்கற பசங்களைப் பேச வைக்கறது எப்படின்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்.


மூணாம்வருஷம் எழுதியது:

மேம் நான் ஸ்டூடன்ட், எங்க காலேஜ்ல எலெக்டிவா இந்த மாதிரி ஆறு க்ளாஸ் ஆன்லைன்ல அட்டென்ட் பண்ணினேன். எங்க பக்கத்துலேந்து சொல்றேன்.

கேமரா ஆஃப் பண்றது பாடம் பிடிக்காததால இல்ல மேம், தப்பாச் சொல்லிட்டா எல்லாரும் பாப்பாங்கங்கற பயம்தான். சாட்லயும் முதல்ல ஒருத்தன் போட்டதுக்கப்பறம் நம்ம மனசுல வேற இருந்தாலும் அதை அழிச்சுட்டு அவன் போட்டதையே போட்டுடுவோம், உங்க க்ளாஸ்ல பத்து பேர் ருமட்டாய்டு போட்டதும் இதாத்தான் இருக்கும், அதுல ரெண்டு பேராவது வேற ஏதோ பாத்திருப்பாங்கன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். எங்க மேடம் என்ன பண்ணினாங்கன்னா எல்லாரும் டைப் பண்ணுங்க, ஆனா என்டர் அழுத்தாதீங்க, நான் ஒண்ணு ரெண்டு மூணு சொன்னதும் சேந்து அழுத்துங்கன்னாங்க. முப்பது பதிலும் ஒரே நேரத்துல வந்து விழும், ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லாம. அதைப் பாக்கறப்பதான் ஒரே படத்துல இவ்வளவு இருக்கான்னு எங்களுக்கே தெரிஞ்சுது. அவங்க எந்தப் பதிலுக்கும் "கரெக்ட்"னு சொல்ல மாட்டாங்க, "சூப்பர்"னும் சொல்ல மாட்டாங்க, நாம சொன்னதை அவங்க வார்த்தையில திருப்பிச் சொல்லிட்டு அந்த இடத்தைக் காட்டுவாங்க, அவ்வளவுதான். கரெக்ட்னு ஒருத்தருக்குச் சொல்லிட்டா மத்தவங்க வாயை மூடிடுவோம் மேம்.

எனக்கு ரொம்ப உதவினது இன்னொரு விளையாட்டு. பிரேக்அவுட் ரூம்ல ரெண்டு ரெண்டு பேரா போடுவாங்க, ஒருத்தருக்கு மட்டும் படத்தோட லிங்க் வரும், மத்தவங்க கையில பேப்பர் பென்சில். படம் இருக்கறவங்க வாயால சொல்லணும், அவங்க வரையணும், பத்து நிமிஷம். நான் ஒரு பாத்திரம் பழம் எல்லாம் இருக்கற ஓவியத்தைச் சொன்னேன், எல்லாம் சொல்லிட்டேன்னு நினைச்சு அவ வரைஞ்சதைக் காட்டச் சொன்னா, பாத்திரம் காத்துல தொங்குது. மேஜை இருக்குன்னே நான் சொல்லல. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேந்து வருதுன்னு சொல்லல, "பக்கத்துல"ன்னு சொன்னேன், எவ்வளவு பக்கத்துலன்னு சொல்லல.

அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு கால் புண்ணு போட்டோ. சர்ஜரில அல்சர்னா மார்ஜின், எட்ஜ், ஃப்ளோர், பேஸ்னு எல்லாம் மனப்பாடம் எனக்கு, ஆனா நான் சொன்னதைக் கேட்டு அவ வரைஞ்சது வேற எவர் காலோ மாதிரி இருந்துச்சு. எட்ஜ் ஸ்லோப்பிங்னு சொன்னேன், ஆனா புண்ணு கணுக்கால்லேந்து எவ்வளவு மேல, உள்பக்கமா வெளிப்பக்கமா, சுத்தி இருக்கற தோல் கருத்திருக்கா, அதெல்லாம் சொல்லவே இல்ல. பின்னாடி ட்யூட்டில சீனியருக்கு ஃபோன்ல ஒரு பேஷன்ட்டைப் பத்திச் சொல்றப்ப, அவர் கையில பென்சில் இருக்கு, நான் சொல்றதை வரையறார்னு நினைச்சுக்கிட்டுத்தான் பேசினேன். அவர் ஒரு தடவை கூட திருப்பிக் கேக்கல.


தூரிகை7 எழுதியது:

தம்பி/தங்கை யாரா இருந்தாலும், அந்தத் தொங்கற பாத்திரத்தை நான் என் அடுத்த க்ளாஸ்ல சொல்லப் போறேன். மேடம், இந்த வரையற பயிற்சி ஆன்லைன்லதான் நல்லா வரும், நேர்ல எதிரெதிர உக்காத்தி வச்சா கையால காத்துல வரைஞ்சு காமிச்சுடுவாங்க.


வார்டு_ரவுண்ட்ஸ் எழுதியது:

மூணு வாரம் ஆச்சு, மூணு க்ளாஸ் முடிஞ்சுது, நடந்ததைச் சொல்லணும்னு நினைச்சிருந்தேன்.

நாப்பது பேரை ரெண்டா பிரிச்சுட்டேன், ஒரு பேட்ச்ல இருபது பேர். முதல் க்ளாஸ் சரியாப் போகல, அதை மறைக்க விரும்பல. மூணு நிமிஷ அமைதியை என்னாலயே தாங்க முடியாம ஒன்றரை நிமிஷத்துல பேசிட்டேன், நெட் போயிடுச்சோன்னு பயந்து மூணு பேர் வெளிய போய் திரும்ப வந்தாங்க. ரெண்டாவது க்ளாஸ்ல டைமரை ஸ்க்ரீன்ல ஓட விட்டு நானும் என் மைக்கை மியூட் பண்ணிட்டு அவங்க கூடவே படத்தைப் பாத்தேன். வச்சது ரெம்ப்ராண்டோட டாக்டர் டுல்ப் அனாட்டமி பாடம், 1632ல வரைஞ்சது, கொஞ்சம் பேர் போன படம்தான், ஆனா டைட்டில் சொல்லல. அனாட்டமி படிச்ச பசங்க இல்லையா, ஃபோர்செப்ஸ்ல தூக்கிப் பிடிச்சிருக்கறது விரலை மடக்கற தசைன்னு சீக்கிரமே சொல்லிட்டாங்க. "இது இல்லைன்னு வச்சுக்கோ, மிச்சம் என்ன இருக்கு"ன்னு கேட்டேன். ஒரு பொண்ணு, அந்த டாக்டரோட இடது கையும் விரலை மடக்கிக் காட்டற மாதிரி இருக்கு மேம், தசையைத் தூக்கி அது என்ன வேலை செய்யும்னு தன் கையிலயே காட்டறார் போலன்னு சொன்னா. இன்னொரு பையன், சுத்தி நிக்கற ஏழு பேர்ல எத்தனை பேர் அந்தப் பிணத்தைப் பாக்கறாங்கன்னு எண்ணலாமான்னு கேட்டான். எண்ணினோம். ஆளாளுக்கு ஒரு கணக்கு, அந்தப் பேச்சே பத்து நிமிஷம் ஓடுச்சு, ஒருத்தர் நம்மளைப் பாக்கறார், சிலர் கால்மாட்டுல விரிச்சு வச்சிருக்கற புத்தகத்தைப் பாக்கறாங்க, நேரா உடம்பைப் பாக்கறவங்க எவ்வளவு குறைச்சல்னு அவங்களே சொன்னாங்க. உடனே ஒரு பேஷன்ட்டோட முழு உடம்பு போட்டோ, முகத்தை மறைச்சது. முதல் பதில் டயக்னோசிஸ் இல்ல, "இடது ஷூ மட்டும் முன்பக்கம் தேஞ்சிருக்கு"ன்னு வந்துச்சு.

மூணாவது க்ளாஸ்ல நான் எதிர்பாக்காதது ஒண்ணு. ஓவியத்துல பின்னாடி இருக்கற சுவர் என்ன நிறம்னு சேந்து என்டர் அழுத்தச் சொன்னேன், வெள்ளை, சாம்பல்னு வந்த இடத்துல மூணு பேர் மட்டும் மஞ்சள்னு போட்டிருந்தாங்க. அவங்க விடாம மஞ்சள்தான்னு சொல்றாங்க, மத்தவங்க இல்லவே இல்லங்கறாங்க, நான் ஒண்ணும் சொல்லாம இருந்தேன். கொஞ்ச நேரத்துல அதுல ஒரு பையனே "மேம், என் மொபைல்ல ஸ்க்ரீனை மஞ்சளாக்கற நைட் மோட் ஆன்ல இருக்கு"ன்னான். மத்த ரெண்டு பேரும் பாத்தா அவங்களுக்கும் அதே. ஆஃப் பண்ணதும் சுவர் சாம்பலாயிடுச்சு. உடனே ஒரு பொண்ணு கேட்டா, அப்ப வீடியோ கால்ல பேஷன்ட் கண்ணு மஞ்சளா இருக்குன்னு தெரிஞ்சா நான் அதை நம்பலாமா மேம்னு. அதுக்கப்பறம் அன்னைக்கு வச்சிருந்த பேஷன்ட் போட்டோக்கு நேரமே இல்ல, முழு நேரமும் அதுலயே போச்சு. வெளிச்சம் எங்கேந்து வருது, பக்கத்துல ஒரு வெள்ளைப் பேப்பரைப் பிடிக்கச் சொல்லி அதோட ஒப்பிடலாமா, பேஷன்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு வரச் சொல்லலாமான்னு அவங்களே பேசிக்கிட்டாங்க, கடைசில நேர்ல வரச் சொல்லிப் பாக்காம எழுதக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னார். கேமரா அன்னைக்கு பதினொரு பேர் ஆன் பண்ணியிருந்தாங்க, நான் கேக்கல.

என் கூட வேலை பாக்கறவர் அடுத்த க்ளாஸுக்கு சும்மா உக்காந்து பாக்கறேன்னிருக்கார். வான் டெர் பாலே படம்தான் வைக்கப் போறேன், நைட் மோடை எல்லாரும் ஆஃப் பண்ணிட்டு. தோல் டாக்டர் சார், நெத்திப்பொட்டை யாருமே பெருசாக்கிப் பாக்கலைன்னா நான் காட்டலாமா, இல்ல விட்டுட்டு அடுத்த வாரம் திரும்ப அதே படத்தை வைக்கவா?


தோல்_டாக்டர் எழுதியது:

காட்டாதீங்க. அதே படத்தைத் திரும்ப வைங்க.